பத்து மணிக்கு வழுக்காத சக்கரம்

வாருங்கள் தம்பி. சைக்கிளைச் சுவரில் சாய்க்காதீர்கள், சுண்ணாம்பு ஒட்டும். இப்படிக் கொடுங்கள். கடைக்கு யார் வழி சொன்னது? பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்களா? என்ன கடை என்று கேட்டீர்கள்? ஆறுச்சாமி சைக்கிள் கடை என்றா? உண்மையைச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆறுச்சாமி என்றால் கோத்தகிரியில் ஒருவனுக்கும் தெரியாது. 'கிரீஸ் டப்பா கடை' என்று கேட்டால் தெருநாய்கூடக் கூடவே வந்து காட்டிவிட்டுப் போகும். பாருங்கள், சிரிக்கிறீர்கள். குரங்குக் குல்லாய்க்குள் சிரித்தால் வெளியே தெரியாது என்று நினைப்பு. கண் காட்டிக்கொடுக்கிறது.

இருக்கட்டும், குல்லாயைக் கழற்றாதீர்கள். தை மாசக் குளிர் கீழே இருந்து வருகிறவர்களுக்கு ஆகாது. உங்களுக்கு எந்த ஊர்? காரமடையா? வேலை? பம்பு கம்பெனியா. சரிதான், காரமடையில் பாதிப் பேர் பம்பு செய்கிறீர்கள், மீதிப் பேர் அதை விற்கிறீர்கள். சைக்கிள் எப்படி மேலே வந்தது? பஸ்ஸிலா? மலையேறுவதற்கென்றே செய்த சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள்தான். உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும்; இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் ஆடாது.

என்ன கோளாறு? வழுக்குகிறதா? எங்கே வழுக்குகிறது, எப்படி வழுக்குகிறது? வழுக்குவதில் மூன்று வகை இருக்கிறது தம்பி. செயின் தேய்ந்து வழுக்கினால் 'கடக்' என்று ஒரு குதி குதிக்கும், முழங்காலில் அடி விழும். கியர் ஒயர் தளர்ந்திருந்தால் ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தானாகத் தாவும், கரகரவென்று முனகும். பின்சக்கரத்து நடுவில் இருக்கிற ஹப் வழுக்கினால் சத்தமே இருக்காது. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைப்போமே, அந்த மாதிரி. கால் சும்மா கீழே போகும். உங்களுக்கு எது? அப்படித்தானா? படி இல்லாத மாதிரியா? எப்போதிலிருந்து? இன்று காலையில் இந்த ஏற்றத்தில்தானா? கீழே எங்காவது சர்வீஸ் செய்தீர்களா?

மேட்டுப்பாளையத்திலா? யாரிடம்?

தம்பி, அந்தப் பேரை மட்டும் இந்தக் கடைக்குள் சொல்லாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் சைக்கிள் கடை எத்தனை இருக்கிறது! எல்லாவற்றையும் தாண்டிப் போய்த் திருமூர்த்தி கையிலா கொடுத்தீர்கள்? அவன் யார் தெரியுமா? என் கூடப்பிறந்த தங்கச்சி துளசிமணியின் புருஷன். எனக்கு மாப்பிள்ளை முறை. அவனிடம் நான் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்தக் காணும் பொங்கலோடு பதினோரு வருஷம்.

நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கள் பெரியப்பா மகன் கல்யாணத்தில் என் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போனான் ஒருத்தன். வெள்ளைச் சட்டை, இடது கையில் மச்சம், இருபத்தாறு வருஷம் ஆகிறது. அவனையே நான் மன்னித்துவிட்டேன். ஆனால் திருமூர்த்தி செய்தது அப்பளக் கணக்கில் சேராது.

அந்தச் சாக்பீஸை எடுங்கள். செயினை முதலில் பார்ப்போம். செயின் புதுசு. பல்லும் கூர் போகவில்லை. ஒயர் விறைப்பாக இருக்கிறது. ஆக, சந்தேகம் ஹப் மேல். இப்போது பாருங்கள், பல்சக்கரத்தில் ஒரு கோடு, அதற்கு நேராகப் போக்ஸ் கம்பியில் ஒரு கோடு. பின் பிரேக்கை நீங்கள் இறுக்கிப் பிடியுங்கள். நான் பெடல் மேல் ஏறி நிற்கிறேன். ஹப் சரியாக இருந்தால் இரண்டு கோடும் நேராகவே நிற்கும்.

ஆ! பார்த்தீர்களா? சக்கரம் நின்ற இடத்தில் நிற்கிறது, பல்சக்கரம் மட்டும் என்னைக் கீழே இறக்கிவிட்டது. கோடு இரண்டும் எங்கேயோ, எங்கேயோ. ஹப்தான். உள்ளே வழுக்குகிறது. சக்கரத்தைச் சும்மா சுற்றினால் 'டிக் டிக் டிக்' என்று கேட்கவேண்டும். இது வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிற ஆள் மாதிரி 'முக் முக்' என்கிறது.

என் வீட்டுக்காரி வருகிறாள். மயிலாத்தா, இந்தத் தம்பி காரமடையாம்.

என்ன அப்படிப் பார்க்கிறாள் உங்களை? ஏன், ஆள் பார்த்ததே இல்லையா? போய்விட்டாள். அவள் அப்படித்தான்.

காணும் பொங்கலைச் சொல்கிறேன். அந்த வருஷம் இங்கே சைக்கிள் ரேஸ் வைத்தார்கள். டானிங்டன் முக்கில் ஆரம்பித்துக் கோடநாடு பாதையில் போய்த் திரும்ப வேண்டும். திருமூர்த்திக்கு அப்போது சைக்கிள் பைத்தியம். பெங்களூரிலிருந்து பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கி, நாலு மாசம் மலையேறி இறங்கினான். வெள்ளிக் கப்பை அடித்து வீட்டு ஷோகேஸில் வைக்காமல் விடமாட்டேன் என்று துளசியிடம் சபதம். நான் அப்போதுதான் மேட்டுப்பாளையத்துக் கடையை அவன் பொறுப்பில் விட்டுவிட்டு, இங்கே புதுக்கடை போட்டு மூன்று மாசம். ரேஸுக்கு முதல் நாள் சைக்கிளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "மச்சான், நீங்க தொட்டாத்தான் எனக்கு ராசி" என்றான். அப்படியெல்லாம் பேசத் தெரிந்தவன்தான்.

நான் என் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அந்தச் சைக்கிளைப் பார்த்தேன் தம்பி. ஹப்பைக் கழற்றி, துடைத்து, நல்ல லாரி கிரீஸ், சக்கரத்துக்குப் போடுவார்களே அந்தக் கெட்டி கிரீஸ், நாலு விரல் அள்ளி உள்ளே வைத்தேன். மேட்டுப்பாளையத்தில் இருபது வருஷமாக நான் அப்படித்தான் வைத்தேன். வெண்ணெய் மாதிரி ஓடும். ஒருவன் குறை சொன்னதில்லை.

விடியற்காலை ஆறு நாற்பது. புல்லெல்லாம் உறைபனி, வெள்ளை வெளேரென்று. விசில் ஊதினார்கள். எல்லாரும் எழுந்து நின்று மிதித்தார்கள், இவனும் மிதித்தான். கால் கீழே போனது, சைக்கிள் போகவில்லை. மறுபடி மிதித்தான். நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதி, முகம் தார் ரோட்டில். மற்றவர்கள் எல்லாம் வளைவில் மறைந்துவிட்டார்கள், இவன் மட்டும் ஆரம்பித்த கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். முன்பல்லில் பாதி போய்விட்டது. இப்போதும் சிரிக்கும்போது பாருங்கள், தெரியும். பார்த்திருக்கிறீர்களா? ஆமாம், அந்தப் பல்தான்.

பல் போனால் போகட்டும். பல்லைப் பற்றியா பேசுகிறேன்? எழுந்து வந்தான். மைக் வைத்திருந்தவன், "என்னாச்சுங்க தம்பி?" என்று மைக்கை இவன் வாய்ப்பக்கம் நீட்டினான். இவன் உதட்டில் ரத்தத்தோடு சொல்கிறான்:

"எல்லாரும் மன்னிக்கோணும். எங்க மச்சான் பாசத்துல ஒரு கிரீஸ் டப்பாவையே உள்ளார வச்சு மூடிப்போட்டாருங்க."

ஊரே சிரித்தது தம்பி. பேக்கரிக்காரன் சிரித்தான், தேயிலைக்குப் போகிற பொம்பளைகள் சிரித்தார்கள், போலீஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு ஒட்டிய பேர். நான் புதுக்கடை போட்டு மூன்று மாசம், பேர்ப்பலகைக்குப் பெயின்ட்கூடக் காயவில்லை.

நான் சும்மா விட்டேனா? சைக்கிளை எடுத்துக்கொண்டுபோய்க் கடை வாசலில் வைத்தேன். ஊர் அடங்கட்டும் என்று காத்திருந்து, நல்ல வெயில் வந்தபிறகு, பத்து மணிக்கு, நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு மிதித்துக் காட்டினேன். கெட்டியாகப் பிடித்தது! ஒரு துளி வழுக்கவில்லை. "பாருங்கய்யா, சைக்கிளில் ஒன்றுமில்லை, மிதிக்கத் தெரியாதவன் மிதித்தான்" என்றேன். திருமூர்த்தி அங்கேதான் கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு நின்றான். "மச்சான், குளிர்ல கெட்டி கிரீஸ் இறுகிக்கும். உள்ளார இருக்கற நாக்கு எந்திரிக்காது. மலைக்கு மெல்லிசா தையல் மிஷின் எண்ணெய்தான் விடோணும்" என்றான். எனக்கே பாடம்! ஹப்புக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான். அன்றைக்கு அவனிடம் பேச்சை நிறுத்தியவன்தான் நான். "உம் பேரில் தப்புன்னு நீ ஒத்துக்கற வரைக்கும் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் மிதிக்கவில்லை.

அட, காப்பி வந்துவிட்டதா? மயிலாத்தா, இது என்ன, வெள்ளி டம்ளர்? கடைக்கு வருகிறவர்களுக்கு வெந்நீர்கூடக் கொடுக்காதவள் தம்பி இவள். என்னவோ முணுமுணுக்கிறாள் பாருங்கள்.

"கண்ணாலம் வச்ச பையன் இந்தப் பனியில சைக்கிளை ஏத்திக்கிட்டு வரலாமுங்களா? உழுந்து கிழுந்து வச்சா என்ன பண்றது?"

யாரைச் சொல்கிறாய்? எந்தப் பையன்? டிவி நாடகத்தை நினைத்துக்கொண்டே பேசுவாள் தம்பி, நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள். பேர் கேட்கிறாளா? சொல்லுங்கள். இளம் என்னமோ என்றீர்களே, சரியாகக் காதில் விழவில்லை. பரவாயில்லை, எனக்குப் பேர் நிற்காது, சைக்கிள்தான் நிற்கும். உங்களை நான் 'பச்சை சைக்கிள் ஹப்' என்று ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. வருகிற புதன்கிழமை திருமூர்த்தி மகளுக்குக் கல்யாணம். சிந்துஜா. என் தங்கச்சி மகள். நான் தாய்மாமன். மேட்டுப்பாளையத்தில்தான் மண்டபம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் மேட்டுப்பாளையத்தில் என் கடையில்தான் கிடப்பாள். பால்ரஸ் குண்டுகளை எல்லாம் தட்டில் கொட்டிப் பல்லாங்குழி ஆடுவாள். சண்டைக்குப் பிறகு இங்கே வரவில்லை. வரவிடவில்லை என்று சொல்ல மாட்டேன். வா என்று நான் கூப்பிடவில்லை. இப்போது எம்.எஸ்ஸி. முடித்துவிட்டாளாம்.

பத்திரிகையைத் தபாலில் அனுப்பாமல் துளசியே நேரில் கொண்டுவந்தாள். "ஏண்ணா, மாமன் மாலையை நீ போட்டு மணவறைக்குக் கூட்டிக்கிட்டு வராம வேற எவன் கூட்டிக்கிட்டு வர்றது?" என்றாள். "உம் புருஷனை ஒரு வார்த்தை, 'எம் மேல தப்பு'ன்னு சொல்லச் சொல்லு. அடுத்த பஸ் ஏறி வர்றேன்" என்றேன். அழுதுகொண்டே போனாள். நான் வரவில்லையென்றால் எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் அந்த இடத்தில் நின்றுகொள்வான் என்று பேச்சு. அந்தப் பெண்ணை அவன் வாழ்க்கையில் இரண்டு தரம் பார்த்திருப்பான். அவன் மாலை போடுவதா? பார்க்கலாம். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

பத்திரிகையை நான் பிரிக்கவில்லை, மாப்பிள்ளை படத்தைக்கூடப் பார்க்கவில்லை. மயிலாத்தாள்தான் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். மாப்பிள்ளை இன்ஜினியராம், சைக்கிள் பைத்தியமாம், ஞாயிற்றுக்கிழமையானால் மலைக்கு வந்துவிடுவானாம். நான் கேட்கக்கூடாது என்று பம்ப்பை எடுத்து ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டே இருந்தேன். டயர் வெடித்ததுதான் மிச்சம்.

சரி, வேலைக்கு வருவோம். ஹப்பைச் சுற்றி ஒரே சேறு. மயிலாத்தா, அந்த வெந்நீர்க் கெட்டிலைக் கொண்டா, கை விறைத்துக்கிடக்கிறது, சேற்றையும் கழுவிக்கொள்கிறேன். அப்படியே ஊற்று. இன்னும் ஊற்று. போதும். அச்சைக் கழற்றுவதற்கு முன்னால் இன்னொரு தரம் பார்த்துவிடுவோம், எத்தனை விரல் வழுக்குகிறதென்று. பிரேக்கைப் பிடியுங்கள் தம்பி. ஏறி நிற்கிறேன்.

ஏறி நிற்கிறேன்.

நன்றாகப் பிடித்திருக்கிறீர்களா? கோட்டைப் பாருங்கள். நகர்ந்ததா? நகரவில்லையா? நான் இன்னும் அமுக்கிப் பார்க்கிறேன்.

நகரவில்லை.

இப்போதுதானே தம்பி என்னைக் கீழே இறக்கியது? வெந்நீர் ஊற்றினோம். வேறொன்றும் செய்யவில்லை. வெந்நீர்தான் ஊற்றினோம்.

அந்த ஸ்பானரைக் கொடுங்கள் தம்பி, அச்சைக் கழற்றுகிறேன்.

"ஏனுங்க, பத்து மணி வெயில் மாதிரி இருக்குதுங்களா?"

நீ உள்ளே போ மயிலாத்தா. அடுப்பில் ஏதாவது தீயும்.

அச்சு வந்துவிட்டது. பல்சக்கரத்தை இழுத்தால் கையோடு வரும். இதோ. பாருங்கள் தம்பி! பார்த்தீர்களா? கிரீஸ்! லாரி கிரீஸ்! நாலு விரல்! இந்த மூன்று நாக்கு இருக்கிறதே, நகத்தளவு இரும்பு, இதெல்லாம் பின்னால் ஸ்பிரிங் தள்ளத் தள்ள எழுந்து நின்று பல்லைப் பிடிக்கவேண்டும். குளிரில் கிரீஸ் இறுகினால் ஒன்றும் எழுந்திருக்காது, தை மாசத்துப் பிள்ளைகள் கம்பளிக்குள் படுத்திருக்கிற மாதிரி படுத்துக்கொள்ளும். வெயில் வந்தால் எழுந்துவிடும். இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். மலைக்குக் கெட்டி கிரீஸ் ஆகாது, மெல்லிய எண்ணெய்தான் என்று நான் எப்போதுமே சொல்லிவந்திருக்கிறேன்.

"எப்ப இருந்துங்க?"

இன்னும் நீ போகவில்லையா? கடையில் பாருங்கள் தம்பி, அந்த அலமாரியில் என்ன இருக்கிறது? தையல் மிஷின் எண்ணெய், எட்டுப் பாட்டில். பதினோரு வருஷமாக இங்கே ஹப்புக்கு நான் இதைத்தான் விடுகிறேன். அவன் சொன்னதற்காக இல்லை. கிரீஸ் கறை துணியில் போகவில்லையென்று இவள்தான் கத்துவாள்.

அது கிடக்கட்டும். யார் செய்த வேலை இது? திருமூர்த்தி! ஊருக்கெல்லாம் உபதேசம் சொன்ன திருமூர்த்தி! அவனேதான் தன் கையால் வைத்தானா? நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? நீங்கள் மேலே வருகிறீர்கள் என்று தெரிந்துமா? வைக்கிறபோது என்ன செய்தான், சிரித்தானா? பாதிப் பல் தெரிந்ததா? மேலே போனதும் ஓட்டாதீர்கள், காலையில் ஏழு மணிக்குள் கிரீஸ் டப்பா கடையில் காட்டுங்கள், பத்து மணிக்கு மேல் காட்டினால் பிரயோஜனம் இல்லை என்றானா? அப்படியும் பேச்சைக் கேட்காமல் ஏற்றத்தில் மிதித்துப் பார்த்தீர்களாக்கும். பல் இருக்கிறதா, எண்ணிக்கொள்ளுங்கள்.

புத்தி பேதலித்துவிட்டதா அவனுக்கு? வயசாகிவிட்டது தம்பி. வைத்திருக்கிற அழகைப் பாருங்கள், மூன்று சுற்று விரலால், கடைசியில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. என்னிடம் படித்ததை அப்படியே வைத்திருக்கிறான். நான் செய்கிற மாதிரியே. ஒரு மயிரிழை மாறவில்லை.

இன்னும் ஏதோ சொன்னானா? சொல்லுங்கள்.

"ஆறுச்சாமி மச்சான் இதுல தப்புன்னு ஏதாச்சும் சொன்னா, புதன்கிழமை மண்டபத்து வாசல்ல வந்து எம் மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்லுங்க, ஒத்துக்கறேன்." இப்படியா சொன்னான்? ஒத்துக்கறேன் என்றா? அந்த வார்த்தையைச் சொன்னானா? இன்னொரு தரம் சொல்லுங்கள் தம்பி. மயிலாத்தா, கேட்டாயா? ஒத்துக்கறானாம்!

பதினோரு வருஷம் தம்பி. கடைசியில் தானாக வந்து மாட்டினான். நான் சும்மா இருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தப்பு அவனையே மாட்டிவைத்துவிட்டது. விடுவேனா? இந்தக் கிரீஸை ஒரு டப்பாவில் வழித்து வைக்கிறேன், சாட்சிக்கு. மண்டபத்து வாசலில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் மூடியைத் திறந்து காட்டி, "மாப்பிள்ளை, மலைக்குக் கிரீஸ் வைக்கலாமா?" என்று கேட்கப்போகிறேன். கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். வாசல் வரைக்கும் போய்விட்டு உள்ளே போகாமல் வந்தால் ஊர் என்ன சொல்லும்? அதனால் உள்ளே போகவேண்டியிருக்கும். உள்ளே போனால் மாலையைப் போடவேண்டியிருக்கும். என்ன செய்வது, முறை இருக்கிறதே.

மயிலாத்தா, டிரங்குப் பெட்டியில் பட்டு வேட்டி இருக்கிறதா பார். என்னது? போன வாரமே எடுத்து வெயிலில் போட்டுவிட்டாளா? யாரைக் கேட்டு? துளசிக்குப் போன் போடு. இல்லை, போடாதே. நேரில் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தாருங்கள் தம்பி. மண்ணெண்ணெயில் கழுவி, நாக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு எண்ணெய். சுற்றிப் பாருங்கள். 'டிக் டிக் டிக்.' வெற்றிலையைத் துப்பிவிட்டான். இனி உறைபனியில் போட்டாலும் பிடிக்கும்.

கூலியா? உங்களிடம் என்ன கூலி? நீங்கள் கொண்டுவந்த சேதிக்கு நான்தான் தரவேண்டும். "ரொம்ப நன்றிங்க பெரியப்பா" என்கிறீர்கள். பெரியப்பாவா! வந்தபோது அண்ணா என்றீர்களே? இருக்கட்டும், மரியாதை தெரிந்த பிள்ளை.

ஒன்று செய்யுங்கள். புதன்கிழமை நீங்களும் கல்யாணத்துக்கு வந்துவிடுங்கள். நீங்கள்தான் எனக்கு முதல் சாட்சி. யார் வீட்டு ஆள் என்று யாராவது கேட்டால், கிரீஸ் டப்பா வீட்டு ஆள் என்று தைரியமாகச் சொல்லுங்கள். பந்தியில் என் பக்கத்திலேயே உட்காரலாம், உங்கள் இலைக்கு அப்பளம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏன் தலையைச் சொறிகிறீர்கள்? முதல் பந்தியில் உட்கார முடியாதா? ஏன்? அன்றைக்கு வேறு கல்யாணமா? யாருக்கு?

உங்களுக்கா? புதன்கிழமையா? எந்த ஊர் மண்டபம்?

மயிலாத்தா, சிரித்தது போதும். அந்தப் பத்திரிகையை எடு. என் கண்ணாடியையும் எடு.

தம்பி, நீங்கள் அந்தக் குல்லாயைக் கொஞ்சம் கழற்றுங்கள்.